தண்ணீரில் விழுந்த சிவப்புக் கோடு

எங்கள் முன்னாள் இயக்குநர் பொய் சொன்னார். கத்திரி அண்ணாச்சியின் சோதனை உதவாது என்று கூட்டம் போட்டுச் சொன்னார். அது பொய்.

வாழை இலையைக் கண்டால் பசிக்காமல் சந்தேகப்படுகிற ஒரே மனிதர் திருநெல்வேலிச் சீமையில் அண்ணாச்சிதான். பேட்டையில் சின்ன ஆய்வுக்கூடம். அவர் விஞ்ஞானி, நான் உதவியாளன். முடிக்கொத்து வைரஸ் தாக்கிய வாழை குலை தள்ளாது. இலை பச்சைப்பசேலென்று இருக்கும்போதே அந்த வைரஸைப் பிடிக்க ஒரு சோதனை உருவாக்கினார். அதில் உள்ள புரதம் வைரஸின் மரபணுவைக் கண்டால்தான் கத்தரிக்கத் தொடங்கும். காகிதப் பட்டையில் சிவப்புக் கோடு விழும். கத்திரி என்ற பட்டப்பெயர் அந்தக் கத்தரிப்பால் வந்தது.

கல்யாண மண்டப வாசலில் கட்டிய வாழைமரத்தைக் கிள்ளாமல் உள்ளே போகமாட்டார். பந்தியில் பாயசம் வருவதற்குள் இலை நுனி அவர் சட்டைப்பைக்குள் இருக்கும். டவுணில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா பிடித்துவிட்டார்.

“சாப்பிட வந்தீரா, இலையத் திருட வந்தீரா வே?”

“நுனி போனா பாயசமா ஒழுவிரும்?”

“ஒழுவிட்டு வே. வேட்டியப் பாரும்.”

பிறகு இயக்குநர் சோதனையைப் பார்க்க வந்தார். தேறினால் கன்றுப் பண்ணைகளுக்குப் போகும்; தேறாவிட்டால் மூடல். மனிதர் வந்ததும் பசிக்கிறது என்று, அண்ணாச்சி தடுக்கத் தடுக்க, சோதனை மேசையிலேயே புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். பொட்டலம் கட்டிய வாழை இலையை வழித்துத் தின்றுவிட்டுக் கையைக் கைக்குட்டையில் துடைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீரையும் சோதிப்போம்; அதில் கோடு விழக்கூடாது.

“நீரு ஏமாத்திருவீரு. தண்ணிய நானே ஊத்துதேன்.”

ஊற்றினார், விரல் தண்ணீரில் முங்க.

நோய்க் கன்றுக்குக் கோடு விழுந்தது. நல்ல கன்றுக்கு விழவில்லை. வெறும் தண்ணீருக்கு விழுந்தது.

“தண்ணிக்கு முடிக்கொத்தா வே?” இயக்குநர் சிரித்ததில் வாயிலிருந்து கடலைப்பருப்பு பறந்தது. அன்றே மூடச் சொன்னார்.

அண்ணாச்சி குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டார். பொட்டல இலையை எடுத்தார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத இலை. சோதித்தார். சிவப்புக் கோடு.

“லே, விரல்ல ஒட்டுனதையே பிடிச்சிட்டுலே.” வேலை போன மனிதர் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். ஓடிப்போய் இயக்குநரிடம் இலையையும் பட்டையையும் நீட்டினோம்.

“எச்சி இலைய எங்கிட்ட காட்டாதீரும்.” கார் கிளம்பிவிட்டது.

அண்ணாச்சிக்குக் கோபப்படத் தெரியாது. அவருக்கும் சேர்த்து நான் படுகிறேன். இயக்குநரே, அந்தத் தண்ணீரை ஊற்றியது யார் கை? இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள். அண்ணாச்சி படிக்க வேண்டும்.