மூன்றாம் மாடி கார்டியோ

ஓய்வூதிய அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. அறுபது வயதுக்கு மேல்தான் மனிதருக்கு மூட்டு வலுப்பெறுகிறது என்று யாரோ பெரிய மனிதர் தீர ஆராய்ந்து அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். கட்டடத்தில் மின்தூக்கி ஒன்றும் உண்டு. அதன் கதவில் "பழுது" என்று எழுதிய அட்டை தொங்கியது. எழுத்து வெளுத்துப்போய்விட்டதால் போன வருடம் அதை எடுத்துவிட்டுப் புது அட்டை மாட்டினார்கள். மின்தூக்கி விஷயத்தில் நிர்வாகம் மேற்கொண்ட ஒரே பராமரிப்புப் பணி அதுதான்.

மாடி ஏறி மூச்சு வாங்கியவர்கள் மனு எழுதினார்கள். மனுக்களுக்குப் பதில் எழுதுவது குறைதீர் பிரிவு எழுத்தரின் வேலை. அவர் எழுதும் எல்லாப் பதிலும் "தங்கள் குறை பரிசீலனையில் உள்ளது" என்று முடிவதால், அலுவலகத்தில் அவரைப் பரிசீலனை என்றே கூப்பிட்டார்கள். கெட்டிக்காரர். அவருடைய பதிலைப் படித்தவர் ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்ற நம்பிக்கையோடு நிம்மதியாகத் தூங்குவார். விடிந்த பிறகுதான் ஒன்றும் நடக்கவில்லை என்று உறைக்கும். அப்போது அவர் அடுத்த மனு எழுதுவார். இப்படி ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது குறைதீர் பிரிவு.

ஒருநாள், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தபடியே தலைமை அலுவலகத்துக்கு நேராக ஒரு புகார் எழுதிப் போட்டுவிட்டார். அங்கிருந்து உடனே விளக்கம் கேட்டார்கள். மேலதிகாரி பரிசீலனையைக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை பரிசீலனையில் உள்ளதுன்னு எழுதினீங்கன்னா, என்னையே பரிசீலனை பண்ணிடுவாங்க. வேற ஏதாவது யோசிங்க."

"லிஃப்டைச் சரி பண்ணிடலாமே சார்?"

கூடாத வார்த்தையைக் கேட்டவர்போல மேலதிகாரி முகம் சுளித்தார். "சரி பண்ணினா, இத்தனை நாள் ஏன் பண்ணலைன்னு கேப்பாங்களே! அதுக்கு யார் பதில் எழுதறது?"

"நான்தான் சார்."

"உங்க வேலையை நீங்களே ஏன் கூட்டிக்கிறீங்க?"

நியாயமான கேள்வி. பரிசீலனை அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மச்சினன் வந்திருந்தான். மனைவியின் தம்பி. உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளன். அவன் பேச்சில் பொருளுக்கெல்லாம் ஆங்கிலப் பெயர்தான். அப்பாவை வைத்துப் பார்த்துக்கொள்வது அக்காவின் பொறுப்பு, அப்பாவுக்கு உற்சாகம் கொடுப்பது தன் பொறுப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டவன். கூடத்து நாற்காலியில் மூட்டில் தைலம் தடவிக்கொண்டிருந்த மாமனார், மகன் பேசுவதையெல்லாம் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், எங்க ஜிம்முக்குப் புதுசா ஒரு மெஷின் வந்திருக்கு. மாடிப்படி மாதிரியே இருக்கும். ஏறலாம், ஏறலாம், ஏறிக்கிட்டே இருக்கலாம். எங்கயும் போய்ச் சேராது. அதுல ஏற ஜனங்க அடிச்சுக்கிறாங்க."

பரிசீலனையின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "எவ்வளவு ஏறினாலும் போய்ச் சேராத படியா? அது எங்க ஆபீஸ்லயே இருக்கே! அதுக்கு என்ன பேரு?"

"கார்டியோ."

மறுநாள் தலைமை அலுவலகத்துக்குப் பதில் போயிற்று. மூத்த குடிமக்களின் இதய நலனை முன்னிட்டு இவ்வலுவலகம் கார்டியோ வசதி வழங்கி வருவதாகவும், மேற்படி மனுதாரர் அவ்வசதியை இரண்டாம் மாடி வரை பயன்படுத்திவிட்டு அதன் பயனை அறியாமல் புகார் செய்திருப்பதாகவும் அதில் பணிவுடன் தெரிவிக்கப்பட்டிருந்தது. தலைமை அலுவலகம் புல்லரித்துப்போய்விட்டது. பாராட்டு வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: வேறு என்னென்ன பயிற்சிகள் வழங்கப்படுகின்றன?

இனி என்ன, மச்சினனுக்குத் தினமும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அவன் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல, அலுவலகத்தில் அதற்குரிய வசதி ஏற்கெனவே இருப்பதைக் கண்டு பரிசீலனை மலைத்துப்போனார். எழுத்தர்களின் ஜன்னல்கள் இடுப்பு உயரத்தில் இருந்ததால் எல்லோரும் பாதி குனிந்து, முழங்கால் மடக்கித்தான் பேச வேண்டியிருந்தது. அது ஸ்குவாட். வரிசையில் நிற்பது எண்டூரன்ஸ். பழைய ஆவணக் கட்டைத் தரையிலிருந்து தூக்கிக் காட்டுவது டெட்லிஃப்ட். மின்விசிறி ஓடாத கூடத்துக்கு ஹாட் யோகா ஸ்டுடியோ என்று பலகை மாட்டினார்கள். மதியத்துக்குப் பிறகு மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு கண்ணயர்வது கூல் டவுன் ஆயிற்று. அவர் அலுவலகத்துக்கே வராத நாள் ரெஸ்ட் டே. தரைத்தளத்துக்கு வார்ம் அப் ஸோன் என்று பெயர் வைத்து, முழுதாக மேலே ஏறி வருகிறவர்களுக்கு மட்டுமே சேவை வழங்கப்படும் என்று அறிவிப்பும் எழுதி ஒட்டினார் பரிசீலனை.

முதலில் ஜனங்கள் முணுமுணுக்கத்தான் செய்தார்கள்.

"மூணாம் ஜன்னல்ல அஞ்சுக்குப் போங்கறாங்க. அஞ்சுல கேட்டா மூணுக்கே போங்கறாங்க. இது என்ன சார் கூத்து?" என்றார் ஓர் அம்மா.

"சர்க்யூட் டிரெய்னிங்மா. நடுவுல நிறுத்தினா பலன் கிடைக்காது."

"நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னு நாலு தடவை சொல்லிட்டீங்களே!"

"நாலு ரெப் முடிச்சிட்டீங்களா? பரவாயில்லையே! இன்னும் கொஞ்சம் போட்டா ஒரு செட் ஆயிடும்."

அந்த அம்மா முறைத்தார். ஆனால் படி இறங்கும்போது எதிரே வந்தவரிடம், "நான் நாலு ரெப் போட்டாச்சு, நீங்க?" என்று கேட்டது பரிசீலனையின் காதில் விழுந்தது. அவர் அன்றைக்குத்தான் வார்த்தையின் சக்தியைப் புரிந்துகொண்டார். இருபது வருடம் தமிழில் பதில் எழுதி அடக்க முடியாத ஜனங்களை ஒரே வாரத்தில் ஆங்கிலம் அடக்கிவிட்டது.

பிறகு யாருக்கும் மூச்சு வாங்கவில்லை, ஸ்டாமினா கூடியது. யாருக்கும் கால் வலிக்கவில்லை, பர்ன் ஆயிற்று. செருப்பு போட்டு வந்தவர்கள் ஷூ போட்டு வந்தார்கள். ஓய்வூதியத்துக்கு இன்னும் முப்பது வருடம் இருக்கிற இளவட்டங்கள்கூட வரிசையில் நின்று, நாளைக்கு வரச் சொல்லும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். புகார் ஒன்றுகூட வரவில்லை. பரிசீலனைக்கு வேலையே இல்லாமல் போய், அவர் தன் கைத்திறமையைத் தானே மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் மாமனாரின் முறை வந்தது.

ஓய்வூதியம் வாங்குகிறவர் வருடத்துக்கு ஒரு தடவை நேரில் வந்து, தாம் உயிரோடு இருப்பதை உயிர்ச்சான்று ஜன்னலில் காட்ட வேண்டும். மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் அலுவலகக் கணக்கில் அவர் இல்லை. பணமும் நின்றுவிடும். மாமனார் முழங்கால் வீங்கிப்போய், கூடத்திலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்தார்.

"நீங்கதானே எல்லாத்தையும் மாத்தினீங்க? எங்கப்பா எப்படி ஏறுவாரு?" என்றாள் மனைவி.

மாமனாரும் பரிசீலனையும் ஒரே வீட்டில் இத்தனை காலம் முகம் கோணாமல் இருந்ததற்கு அந்த ஓய்வூதியமே காரணம். கிழவர் தன் செய்தித்தாளைத் தன் காசில் வாங்குவார், தன் காசில் முடி வெட்டிக்கொள்வார், பேத்திக்குத் தன் காசில் மிட்டாய் வாங்கித் தருவார். மருமகனிடம் கை நீட்டும் நாள் வந்தால் அவர் சுருண்டுவிடுவார். அதைப் பார்க்கிற தெம்பு பரிசீலனைக்கும் இல்லை. மாமனாரை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு நாளும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மேலதிகாரியிடம் போய், உயிர்ச்சான்று எழுத்தர் ஒரே ஒரு நிமிடம் கீழே இறங்கி வந்து பார்க்கலாமா என்று கெஞ்சினார்.

"வார்ம் அப் ஸோன்லயே சான்று குடுத்தா கார்டியோ எப்படி முழுமையடையும்?" என்றார் மேலதிகாரி. "நீங்க எழுதினதுதானே? நானே மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன்."

வேறு வழி தெரியாமல், பரிசீலனை தன் பணிக்காலத்திலேயே முதல் முறையாக ஒரு காரியம் செய்தார். பின்தெருவில் இருந்த மின்தூக்கி மெக்கானிக்கின் கடைக்கு நடந்து போனார்.

"சின்ன ரிலே ஒண்ணு போயிருக்கும் சார்," என்றார் மெக்கானிக். "இத்தனை வருஷமா ஏன் என்னைக் கூப்பிடலை?"

"யாருக்கும் தோணலை. எல்லாரும் பதில் எழுதறதிலேயே மும்முரமா இருந்துட்டோம்."

மாதக் கடைசி நாள் காலை, அலுவலகம் திறப்பதற்கு முன்பே மெக்கானிக் வந்தார். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மின்தூக்கி ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு மேலே போயிற்று, கீழே வந்தது. பரிசீலனை அட்டையைக் கழற்றிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார்.

மதியம் உயிர்ச்சான்று ஜன்னல் மூட அரை மணி இருக்கையில் வாடகை வண்டியிலிருந்து இறங்கிய மாமனாரைப் பார்த்ததும் பரிசீலனைக்குப் பகீரென்றது. மகன் வாங்கிக் கொடுத்த பளபளக்கும் கால்சட்டை, நெற்றியில் பட்டை, பச்சை நிற ஷூ. பக்கத்தில் மகன், கழுத்தில் விசிலோடு.

"மாமா, இப்படி வாங்க. லிஃப்ட் ஓடுது. பட்டனை ஒரு தடவை அமுக்கினாப் போதும், மூணாம் மாடி."

வார்ம் அப் ஸோனில் கையைக் காலை உதறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாவம், பெரியவருக்கு லிஃப்ட்டாம்," என்றது ஒரு குரல்.

மாமனாரின் முகம் சிவந்துவிட்டது. "மாப்பிள்ளை, நாலு பேர் முன்னால என்னை அவமானப்படுத்தணும்னே கூட்டிட்டு வந்தீங்களா?"

"முட்டி வலிக்குமே மாமா!"

"அது வலி இல்லை. மசில் டெவலப் ஆகுது."

"நோ எக்ஸ்க்யூஸ், அப்பா! கமான்!" என்று மகன் விசில் ஊதினான். கூட்டம் கைதட்டியது. கிழவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்கினார். முதல் மாடி வரை வீரமாகத்தான் போனார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் மடங்கி, படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, இங்கயும் லிஃப்ட் நிக்கும். இன்னும் ஒரே மாடிதான். ஜன்னலை மூடப் போறாங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"காலைத் தொடாதீங்க, உயிர் போகுது," என்றார் மாமனார். "ரெஸ்ட் எடுக்கறேன். பாதியில லிஃப்ட் ஏறினா இதுவரைக்கும் ஏறினது கணக்குல வராது. பையன் சொல்லியிருக்கான்."

பரிசீலனை தலைதெறிக்க மேலே ஓடி, உயிர்ச்சான்று எழுத்தரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்க்கச் சொன்னார்.

"தெரியறாரா?"

"தெரியறாரே."

"உயிரோட இருக்காரா?"

"ஜோரா இருக்கார். மூச்சு இரைக்கிறது இங்க வரைக்கும் கேக்குதே."

"அப்ப சான்றுல கையெழுத்துப் போடுங்க."

"எப்படி சார்? முழுசா மேல வந்தாத்தான் சேவைன்னு போர்டு வெச்சதே நீங்கதான்." எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே போனார், ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

அலுவலகக் கணக்குப்படி மாமனாரின் உயிர் அந்த நிமிடமே பிரிந்தது. அவர் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

சோதனை அதோடு முடியவில்லை. கீழே கூட்டம் சும்மா இருக்கவில்லை. மின்தூக்கியைக் கள்ளத்தனமாக ஓட வைத்து, மூத்த குடிமக்களைச் சோம்பேறிகளாக்கச் சதி நடக்கிறது என்று சுடச்சுட ஒரு மனு தயாரித்திருந்தார்கள். அது மாடி ஏறி வரும் வழியில் மாமனாரிடமும் வந்தது. வேண்டாம் மாமா, வேண்டாம் மாமா என்று மருமகன் சொல்லச் சொல்ல, அவர்தான் முதல் கையெழுத்தைப் போட்டார்.

மேலதிகாரி மனுவைப் படித்தார். "முதல் கையெழுத்து யாரு?"

"என் மாமனார் சார்."

"ரிக்கார்டுப்படி அவர் உயிரோட இல்லையே?"

"இல்லை சார்," என்றார் பரிசீலனை.

"பாத்தீங்களா! இறந்தவங்ககூட இந்த வசதியை விட்டுக்குடுக்க மாட்டேங்கறாங்க. உடனே நடவடிக்கை எடுங்க."

"தங்கள் குறை பரிசீலனையில் உள்ளதுன்னு எழுதிடறேன் சார்."

"சே! ஜனங்க கஷ்டத்துல விளையாடக் கூடாது," என்று மேலதிகாரி கண்டித்தார்.

மெக்கானிக் திரும்ப வரவழைக்கப்பட்டார். காலையில் போட்ட ரிலேயைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனார். பரிசீலனை சட்டைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து மாட்டினார். அந்த அலுவலகத்தின் வரலாற்றில், கொடுத்த அன்றைக்கே ஒரு மனுவுக்குத் தீர்வு கிடைத்தது அதுதான் முதல் முறை. ஜனங்கள் மனம் நிறைந்து வாழ்த்திவிட்டுக் கலைந்தார்கள். மகனும் அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டான்.

மாமனாரால் இப்போது ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. "மாப்பிள்ளை," என்றார் சின்னக் குரலில். "லிஃப்ட் இருக்கா?"

"நீங்க கையெழுத்துப் போட்டீங்களே மாமா. சரி பண்ணிட்டாங்க."

பரிசீலனை குனிந்து மாமனாரை முதுகில் ஏற்றிக்கொண்டார். அவருக்கு எரிச்சலாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது, கிழவர் இவ்வளவு இலேசாக இருக்கிறாரே என்று துக்கமாகவும் இருந்தது. ஒவ்வொரு படியாக இறங்கினார். முதல் மாடித் திருப்பத்தில் நாலைந்து இளைஞர்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"சார், இது புதுசா இருக்கே! இதுக்கு என்ன பேரு?"

இது என் மாமனார், இவருக்கு முட்டி வலி என்று சொல்லத்தான் பரிசீலனை வாயெடுத்தார். மூச்சு இரைத்ததில் வார்த்தை வரவில்லை. முதுகில் இருந்தவர் முந்திக்கொண்டார்.

"வெயிட் டிரெய்னிங், தம்பி," என்றார் மாமனார்.

மறுநாள் காலை பரிசீலனை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, வார்ம் அப் ஸோனில் நாலைந்து மருமகன்கள் தங்கள் மாமனார்களை முதுகில் சுமந்துகொண்டு வரிசையில் நின்றிருந்தார்கள். மாமனார்கள் எல்லோருக்கும் கால் நன்றாகத்தான் இருந்தது.