வடியாத தண்ணீர்

மீன் அறையின் மூடியைத் தூக்கியதும் ஆராய்ச்சி உள்ளே பார்த்தது தன் முகத்தைத்தான். நேற்று மாலை பம்ப் வைத்து இறைத்து, மூலைகளைத் துணியால் ஒற்றி எடுத்து, மூடிப் பூட்டிவிட்டுப் போன அறை. இப்போது அதில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. முந்தின நாளும் இதே கதைதான், அதற்கு முந்தின நாளும் இதே கதைதான்.

ஆராய்ச்சி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மின்விசிறி ஓடவில்லை என்றால் மற்றவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். இவர் அதைக் கழற்றித் தரையில் பரப்பி, அது இத்தனை நாள் எப்படித்தான் ஓடியது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருப்பார். அதனால் படகுத்துறை முழுக்க அவருக்கு ஆராய்ச்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொந்தமாக ஒரு சின்ன மீன்பிடிப் படகு வைத்திருந்தார். அந்தப் படகின் வயிற்றில் ஐஸையும் மீனையும் போட்டு வைக்கிற அறைதான் இப்போது அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

அவர் உள்ளே இறங்கி, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

மேலே நின்ற இன்ஜின் டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதை ஏண்ணே வாயில வைக்கிறீங்க?"

"உப்புக் கரிச்சா கடல் தண்ணி. கரிக்கலைன்னா ஐஸ் தண்ணி. ஆனா இது ரெண்டும் இல்லாம, எலுமிச்சை சோப்பு மாதிரி இருக்கு." நம்பிக்கை வராமல் இன்னொரு முறை ருசி பார்த்தார். "நான் எலுமிச்சை சோப்பு வாங்கினதே இல்லையே."

மற்ற நாளாக இருந்தால் இந்தச் சோப்பு வாசனையை வைத்தே அவர் சந்தோஷமாக ஒரு வாரம் ஓட்டியிருப்பார். இப்போது அதற்கு நேரமில்லை. சீசன் தொடங்குவதற்கு முன் சுகாதார ஆபீசர் வந்து எல்லாப் படகையும் பார்க்கப் போகிறார் என்று அவர் மனைவி சேதி கொண்டுவந்திருந்தாள். மீன் அறை காய்ந்து, நாற்றமில்லாமல் இருந்தால்தான் அனுமதி. இல்லையென்றால் ஊரே கடலுக்குப் போகும்போது ஆராய்ச்சி கரையில் நின்று கையசைக்க வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. பக்கத்திலேயே கட்டியிருக்கும் படகு அவர் மச்சினனுடையது. மனைவியின் தம்பி. அவன் படகு தேறி, இவர் படகு தேறாமல் போனால், அதற்குப் பிறகு இந்த உலகத்தில் ஆராய்ச்சி எந்த முகத்தோடு நடமாடுவது?

இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோய் ஒரு சீசன் ஓடிவிட்டது. சண்டைக்குக் காரணம் சொத்து இல்லை, சுகம் இல்லை. மீன் அறையில் தண்ணீர் வடியும் துளை எங்கே இருக்க வேண்டும் என்பதுதான். படகு ஓடும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், தண்ணீர் பின்னால் ஓடும், ஆகவே துளை பின்னால்தான் என்பது ஆராய்ச்சியின் கட்சி. மீன் ஏறினதும் முன்பக்கம் தாழ்ந்துவிடும், ஆகவே துளை முன்னால்தான் என்பது மச்சினனின் கட்சி. ஒருநாள் சாப்பிடும்போது, இதை நிரூபிக்க ஆராய்ச்சி தட்டில் தண்ணீரை ஊற்றிச் சாய்த்துக் காட்டினார். அது மச்சினனின் புதுச்சட்டையில் கொட்டியது. உங்க ஆராய்ச்சியை உங்க வீட்டோட வச்சுக்குங்க என்றான் அவன். இது என் வீடுதான்டா என்றார் இவர். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன்தான்.

அன்று முதல் இரண்டு பேருக்கும் நடுவில் அவர் மனைவிதான் தபால்காரி. கயிற்றைத் தளர்த்தச் சொல்லு, ஏணியைத் திருப்பித் தரச் சொல்லு என்று இங்கிருந்தும் அங்கிருந்தும் சேதி தூக்கித் தூக்கி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. எனக்கு வேற வேலை இல்லைன்னு நினைச்சீங்களா என்று ஒருநாள் தட்டை நங்கென்று வைத்துக் கேட்டாள். தட்டு அடியில் நசுங்கியது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்ததில் ஆராய்ச்சி பதில் சொல்ல மறந்துவிட்டார்.

முதல் சந்தேகம் வடிதுளையின் மேல் விழுந்தது. அறையில் சேரும் தண்ணீர் அந்தத் துளை வழியாக அடியில் உள்ள குழிக்குப் போகும். குழியிலிருந்து பம்ப் அதை ஹோஸ் வழியாகத் துறைமேல் இருக்கும் டேங்க்குக்கு ஏற்றும். மீன் ரத்தம் கலந்த கழுவு தண்ணீரைத் துறையிலேயே கொட்டக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. இரண்டு படகுக்கு ஒரு டேங்க் என்று வைத்திருந்தார்கள். டேங்க்காரம்மா டிராக்டரில் வந்து உறிஞ்சிக்கொண்டு போவாள். ஹோஸ் முனைகளை மூடியின் ஓட்டை வழியே செருகி வைப்பதும் அவள் வேலைதான். நாற்றத்துக்குப் பயந்து மூடியை வேறு யாரும் தொடுவதில்லை.

ஆகவே குழித் தண்ணீர் துளை வழியாக மேலே ஏறுகிறது என்று முடிவு கட்டினார் ஆராய்ச்சி. ஒரு மரத் தக்கையைச் செதுக்கி, துளையில் வைத்து, சுத்தியலால் ஓங்கி அடித்தார். தக்கை இறுகியது. அதன் தலை உடைந்து கையோடு வந்தது.

அதற்குப் பிறகுதான் அறையைக் கழுவ வேண்டுமென்பது அவருக்கு நினைவு வந்தது. கழுவின தண்ணீர் போக வழியில்லை. பம்ப்பைத் தூக்கி அறைக்குள்ளேயே இறக்கி, அங்கிருந்தே டேங்க்குக்கு இறைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை தண்ணீர் கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு வந்திருந்தது.

"துளையை அடைச்சதும் தண்ணி கூடியிருக்குன்னா," என்றார் டிரைவரிடம், கண்கள் பளபளக்க, "அது துளை வழியா வரலைன்னு அர்த்தம். பார்த்தியா, ஒரு வழி குறைஞ்சுது."

டிரைவருக்குக் குறைந்த வழி தெரியவில்லை, கூடின தண்ணீர்தான் தெரிந்தது. பேசாமல் பக்கத்துப் படகில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று மெல்ல இழுத்தார்.

"அவன்கிட்டயா? அவன் அறை பாலைவனம் மாதிரி காய்ஞ்சு கிடக்கும். தினம் மத்தியானம் அவன் பம்ப் ஓடுற சத்தம் கேக்கலையா? என்னை வெறுப்பேத்தத்தான் ஓட்டுறான்."

அடுத்த சந்தேகம் தரைப் பலகைகளின் மேல். அடியில் எங்கேயோ விரிசல் இருந்து கடல் உள்ளே வருகிறது என்று நினைத்து, பலகைகளைப் பெயர்த்தார். விரிசல் எதுவும் இல்லை. ஆனால் பலகைக்கு அடியில் பல சீசனாகத் தங்கியிருந்த ஐஸ் சாறும் மீன் சாறும் விடுதலை பெற்று வெளியே வந்தன. நாற்றம் துறையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போனது. எங்கெங்கோ இருந்த பூனைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன.

பதற்றத்தில் ஆராய்ச்சி கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றித் தேய்த்தார். மீன் அறையை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்பது தொழிலுக்கு வந்த அன்றே தெரிந்துகொள்கிற விஷயம். வெந்நீர் பட்டால் ரத்தம் பலகையிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். அவருக்கும் தெரியும், ஊற்றி முடித்த பிறகு தெரிந்தது. இப்போது அறை நாறுவதோடு நிற்கவில்லை, சமைத்த மாதிரியும் மணத்தது. பூனைகள் ஒரு அடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தன.

பிளீச்சிங் பவுடரைப் பாதி மூட்டை கொட்டிக் கழுவி, இறைத்து, பலகைகளைத் திரும்பப் பொருத்திவிட்டு வீட்டுக்குப் போய், நாளைக்கு ஆபீசர் வரும்போது என்ன செய்வது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வேறு யாராவது இருந்தால் அழுதிருப்பார்கள். அவருக்கு இருந்தது வெறும் பயம் மட்டும் இல்லை. இப்படி ஒரு அதிசயத்தை ஒரு மணி நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்து, அதெப்படி, இதெப்படி என்று கூடவே குடைந்து கேட்க இந்தத் துறையில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளோடுதான் பேச்சில்லை. அந்தக் குறை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

திடீரென்று எழுந்தார். வரும் வழி தெரியாவிட்டால் போகும் வழியையாவது பார்ப்போம், தண்ணீருக்கு நிறம் ஏற்றிவிட்டால் அது எங்கே போய் எப்படித் திரும்புகிறது என்று தெரிந்துவிடும் என்று தோன்றியது. வீட்டில் சாயம் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மனைவி எதற்கென்று ஒரு வார்த்தை கேட்காமல், துணிக்குப் போடுகிற நீலத்தை முழுப் பாட்டிலாக எடுத்துக் கொடுத்தாள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற மனிதர், அவள் ஏன் ஏன் என்று கேட்கவில்லை என்று மட்டும் யோசிக்கவில்லை.

சாயங்காலமே போய் அறையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, நீலத்தைக் கவிழ்த்தார். பாட்டில் மூடி வழுக்கியதில் இரண்டு கையும் முழங்கை வரை நீலமானது. அதையும் இறைத்து முடித்து, மூடிப் பூட்டினார்.

விடிந்ததும் ஓடினார். ஆபீசர் வருவதற்குள் விடை கிடைத்துவிட வேண்டும். மூடியைத் தூக்கினார். வழக்கம்போலத் தண்ணீர் நின்றது. ஆனால் அது நீலமாக இல்லை. நல்ல அடர்ந்த ஊதா.

ஆராய்ச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அள்ளிப் பார்த்தார், வெயிலில் காட்டிப் பார்த்தார். ஊதாதான்.

"நீலம் ஊதாவாகணும்னா சிவப்பு சேரணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சிவப்பு எங்கேருந்து வந்துது?"

நிமிர்ந்து பார்த்தார். பக்கத்துப் படகில், மீன் அறை மூடிக்குப் பக்கத்தில், மச்சினன் அவரைப் போலவே உட்கார்ந்திருந்தான். அவன் இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பு.

"கையில என்ன சிவப்பு?" என்று அவரைக் கேட்காமலே அவர் வாய் கேட்டுவிட்டது.

"சாயப் பொடி. உங்க கையில என்ன நீலம்?"

"துணிக்குப் போடுறது. உன் அறையில தண்ணி என்ன நிறம்?"

மச்சினன் இன்னொரு முறை எட்டிப் பார்த்தான். "ஊதா, மாமா."

"எனக்கும் ஊதாதான் மாப்ளே. எலுமிச்சை சோப்புப் போட்டுக் கழுவினியா?"

"ஆமா. அப்போ விடிஞ்சதுலேருந்து என் கண்ணை எரிக்கிறது உங்க பிளீச்சிங் பவுடரா?"

இருவரும் பேசாதவர்கள் என்பது இருவருக்குமே மறந்து போயிருந்தது. ஒரே நேரத்தில் துறைமேல் தாவி ஏறி, டேங்க் மூடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். உள்ளே கிட்டத்தட்ட விளிம்பு வரை ஊதா. இரண்டு ஹோஸ்களும் அதில் அடிவரை மூழ்கிக் கிடந்தன.

ஆராய்ச்சி ஒரு ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். "பம்ப்பை நிறுத்தினாலும் ஹோஸ் நிறையத் தண்ணி நிக்குது. டேங்க் மேல இருக்கு, படகு கீழ இருக்கு..."

"...முனை தண்ணிக்குள்ள இருக்கு," என்று மச்சினன் முடித்தான். "போன தண்ணி போன வழியாவே ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்திருக்கு. உங்க தண்ணியை நானும் என் தண்ணியை நீங்களும் மாத்தி மாத்தி இறைச்சிருக்கோம்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பூனைகள் எழுந்து ஓடின. ஆராய்ச்சிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. நீ இல்லாம எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான் மாப்ளே என்று சொல்லிவிட்டு, நீலக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஹோஸ் முனைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டினார்கள். அதன் பிறகு அடக்க முடியாமல் ஆளுக்கொரு படகின் அறையைப் போய்ப் பார்த்தார்கள். துளை பின்னால் இருக்கும் ஆராய்ச்சியின் அறையில் ஊதாத் தண்ணீர் முன்மூலையில் தேங்கி நின்றது. துளை முன்னால் இருக்கும் மச்சினனின் அறையில் அது பின்மூலையில் நின்றது. என் துளை உன் படகில் இருந்திருக்க வேண்டும், உன் துளை என் படகில் இருந்திருக்க வேண்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஏன் என்று உடனே விவாதம் தொடங்கியது.

விவாதத்துக்கு நடுவில் இருவரும் சேர்ந்து பச்சைத் தண்ணீரில் இரண்டு அறைகளையும் தேய்த்தார்கள். ஆனால் கொஞ்சம் இறைப்பதற்குள் டேங்க் விளிம்பு தட்டி நின்றது. வெயில் ஏறியது, ஆபீசரைக் காணோம். கடைசியில் டிராக்டர் சத்தம் கேட்டது, டேங்க்காரம்மா வந்து இறங்கினாள். ஒரே படகில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்ற நீலக் கையையும் சிவப்புக் கையையும் நிதானமாகப் பார்த்தாள்.

"எங்கம்மா போனே இத்தனை நாளா?" என்றார் ஆராய்ச்சி. "சீக்கிரம் காலி பண்ணு. ஆபீசர் வர்ற நேரம்."

அவள் உறிஞ்சு குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு டேங்க்கை நோக்கி நடந்தாள்.

"எந்த ஆபீசரும் வரப் போறதில்லைண்ணே, அது சும்மா சொன்னது. ஹோஸ் ரெண்டையும் அடிவரைக்கும் இறக்கி விடு, மாமனும் மாப்ளையும் பேசிக்கிற வரைக்கும் டேங்க்கைத் தொடாதேன்னு உங்க வீட்டு அக்காதான் சொன்னாங்க, நானும் தொடலை."