அட்டவணையில் இல்லாத பத்து நிமிடம்

நான்காவது கணக்கின் நடுவில் கதவு தட்டப்பட்டது.

"தம்பி, இந்த டார்ச்சு எரிய மாட்டேங்குது. பாரேன்." தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகை ஆயா ராக்காயி நின்றாள்.

"பேட்டரியத் திருப்பிப் போட்டிருக்கீங்கக்கா."

"திருப்பிப் போட்டா ஏன் எரியாது?"

காரணம் கேட்டால் ஜெயபாலனால் சொல்லாமல் இருக்க முடியாது. பத்து நிமிடம் போயிற்று.

அது 1979. கோலாலம்பூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்த ஜெயபாலன், இரவு பகலாகப் படித்துவிட்டுப் பரீட்சை மண்டபத்திலேயே மயங்கி விழுந்திருந்தான். மறுபரீட்சைக்கு மூன்றே வாரம். அதிலும் தவறினால் படிப்பு முடிந்தது. சுங்கை சிப்புட் பக்கத்தில் தான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்கே திரும்பிவந்து, பதினான்கு மணி நேர அட்டவணை போட்டிருந்தான். சாப்பாட்டு நேரத்துக்கு எதிரேகூட 'சூத்திரங்கள்' என்று எழுதியிருந்தது.

மறுநாள் கதவை உள்ளே தாழிட்டான். ஒன்பது மணிக்கு ராக்காயி ஜன்னலை உடைப்பதுபோல் தட்டினாள்.

"ஐயோ, தம்பி! மறுபடி மயங்கிட்டியா?"

கூச்சல் கேட்டு, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி உட்பட லயத்து வீட்டு வரிசையே ஓடிவந்தது. பத்து நிமிடம் முக்கால் மணி நேரமாயிற்று.

அதற்கடுத்த நாள் ரப்பர் ஷீட்டு காயவைக்கும் புகைவீட்டின் பின்புறம் போய் உட்கார்ந்தான். கண் எரியும், ஆகையால் ஆள் வராது. பத்து மணிக்கு, அடுப்புக்கு விறகு போடும் அப்பாவு பக்கத்தில் வந்து குந்தினார்.

"என்னா படிக்கிற?"

"எஞ்சின் எப்படி ஓடுதுன்னுண்ணே. வாங்குற சூட்ட முழுசா வேலையா மாத்த முடியாது. கொஞ்சத்த வெளிய விட்டே ஆகணும்."

"விடலன்னா?"

"ஓடாதுண்ணே."

"இரு, இரு. மொதல்லேருந்து சொல்லு."

ஒரு மணி நேரம் காலி.

கடைசியில் பஸ் ஏறி ஈப்போ நூலகத்துக்கே ஓடினான். பதினோரு மணிக்கு எதிர் நாற்காலியில் ஒரு பொட்டலம் வந்து விழுந்தது. தோட்டத்து ஆபீஸ் கூட்டும் செல்லாயி.

"பஸ்ஸுக்காரன் சொல்லிட்டான். இங்க வந்து ஒளிஞ்சா விட்ருவேனா?"

"உஷ்! இங்க பேசக்கூடாதுக்கா."

"ஏன் பேசக்கூடாது?"

ஜெயபாலன் விளக்க ஆரம்பித்தான். நூலகர் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார்.

மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு. செல்லாயி, பஸ்ஸில் ஒரு கோழி தப்பி ஓட்டுநர் மடியில் ஏறிய கதையைச் சொன்னாள். ஜெயபாலன் புரையேறும் அளவுக்குச் சிரித்தான். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சாப்பாட்டின் ருசி அவனுக்குத் தெரிந்தது.

அதன்பின் அவன் ஓடவில்லை. மணிக்கு ஒருவர் வந்தார்; கேட்டார்; இவன் சொன்னான். பரீட்சையில் தேறிவிட்டான்.

முடிவு வந்த அன்று மிட்டாய்ப் பெட்டியோடு செல்லாயியைத் தேடிப் போனான்.

"அக்கா, உங்களையெல்லாம் மனசுக்குள்ள எவ்வளவோ திட்டியிருக்கேன். ஆனா நீங்க வந்து வந்து பேசலன்னா, நான் மறுபடி விழுந்திருப்பேன். கும்புடுறேன்."

செல்லாயி ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு எதுக்குக் கும்புடு? மண்டோர் சன்னாசிக்குப் போடு. தெனமும் விடியக்காலப் பெரட்டுல எல்லாரு பேரையும் கூப்பிட்டு, 'பதினோரு மணிக்குச் செல்லாயி, ஜெயபாலன் படிப்பக் கெடுக்கணும்'னு வேல பிரிச்சுக் கொடுத்தவரு அவருதான்லா!"