வரியில்லாத சாராயம்

சாவியைப் பிடுங்கிய பிறகும் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"முனிராஜு, அதை நிறுத்துடா!" என்றார் முதலாளி சவுரியப்பன்.

டிரைவர் முனிராஜ் சாவியைத் தூக்கிக் காட்டினான். "என் கையிலதான் இருக்குதுங்க."

கொஞ்ச நேரத்தில், தனக்கே சலித்துப்போனதுபோல் என்ஜின் அடங்கியது. தருமபுரி ஷெட்டில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கப் பயந்து நின்றார்கள்.

யுத்தத்தால் பெட்ரோலுக்கு ரேஷன். கரும்பாலைக் கழிவில் வடித்த ஸ்பிரிட்டைப் பெட்ரோலோடு கலந்து ஓட்டினால், அதற்கு வரி கிடையாது என்று சர்க்கார் சலுகை கொடுத்திருந்தது. ஆனால் பீப்பாயின் சீலைக் கலால் ஆபீசர்தான் உடைக்க வேண்டும். அவர் கண் முன்னால்தான் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் சாராயம். மதுவிலக்கு அமலில் இருந்த ஜில்லா அது. பஸ் பறிமுதலாகும், முதலாளி ஜெயிலுக்குப் போவார்.

சில நாள் முன்பே பீப்பாய் வந்துவிட்டது, ஆபீசர் வந்தபாடில்லை. பெட்ரோல் தீரப்போகிறதே என்ற பதற்றத்தில், "நீயே கலந்துடு" என்று முனிராஜின் காதில் சொல்லிவிட்டு, சவுரியப்பன் அந்தப் பக்கமே திரும்பாமல் வீட்டுக்குப் போனார். மறுநாளே கூத்து ஆரம்பித்தது.

பாலக்கோட்டில் ஏறிய புளி வியாபாரி ராணியம்மாள் தருமபுரியில் தள்ளாடிக்கொண்டு இறங்கினாள். "முதலாளி, பஸ்ஸு பூராச் சாராய நாத்தம். மூச்சு வுட்டதுக்கே தல சுத்துதுங்க. நான் எப்படி வூட்டுக்குப் போவேன்?"

போலீஸ் காதில் விழுந்தால் தொலைந்தது. சவுரியப்பன் பஸ் நிறையச் சாம்பிராணி போட்டார். அந்தப் புகையில் ஒரு விவசாயிக்குச் சாமி வந்துவிட்டது. காலியாக இருந்த கடைசி சீட்டைக் காட்டி ஆடினார்.

"அங்க உக்காந்திருக்கறவன் யாரு? டிக்கெட் வாங்குனானா?"

சீட்டின் மெத்தை, ஆள் உட்கார்ந்தாற்போல் அமுங்கியிருந்தது. பாதிக் கூட்டம் வழியிலேயே இறங்கிக்கொண்டது.

"ஸ்பிரிட்டைக் குறைச்சுக் கலடா," என்றார் சவுரியப்பன்.

"ஆகட்டுங்க."

அன்று தொப்பூர்க் கணவாயில் பஸ் என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஏறியது. "நான் கியரே போடலைங்க," என்றான் முனிராஜ். அவன் உதடு வெளுத்திருந்தது.

"அப்ப ஸ்பிரிட்டையே சுத்தமா நிறுத்திடு! ஒரு சொட்டு கூட வேண்டாம்!"

அடுத்த டிரிப்பில், யாரும் கைகாட்டாத ஒரு பொட்டல் காட்டில் பஸ் தானாக நின்றது. கதவு திறந்தது. யாரோ ஏறிக்கொள்ளும் நேரம் வரை காத்திருந்து மூடிக்கொண்டது.

கடைசியில் கலால் ஆபீசர் தம் பியூன் காஜாவோடு ஷெட்டுக்கு வந்தார். சவுரியப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஐயா, உங்களைக் கேக்காமக் கலந்துட்டேனுங்க! அதுல ஏதோ ஏறிக்கிச்சு. பஸ்ஸை எடுத்துக்குங்க, என்னை வுட்டுடுங்க!"

ஆபீசர் பீப்பாயைக் குனிந்து பார்த்தார். "என்னய்யா உளர்றீர்? சீல் அப்படியே இருக்கே."

முனிராஜ் தலையைச் சொறிந்தான். "சர்க்கார் சீலைத் தொடப் பயந்துட்டேனுங்க. கலந்தேன்னு சும்மாதான் சொன்னேன். டேங்க்ல கெடந்த பெட்ரோலுதான் இத்தனை நாளும் ஓடுது."

சவுரியப்பனுக்கு உயிர் திரும்பி வந்தது. சாராயமும் இல்லை, குற்றமும் இல்லை! நாற்றம், சாமி, எல்லாம் மனப்பிராந்தி! கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆபீசரும் சிரித்துவிட்டு, "வந்தது வந்தோம், கலந்துடலாம். டேங்க்ல எவ்வளவு இருக்கு பாரு," என்று காஜாவை அனுப்பினார்.

காஜா அளவுக்குச்சியோடு திரும்பி வந்தான்.

"எந்தப் பெட்ரோலுங்க? டேங்க் காஞ்சு துருவேறி, உள்ள சிலந்தி கூடு கட்டியிருக்குது."