மாப்பிள்ளையின் இத்தாலி வண்டியை விற்கும் விஷயமாக

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் குட்டியும், குட்டியின் வயிற்றில் இருக்கும் சின்னக் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம். மனசளவில் எப்படி இருக்கிறோம் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் உங்கள் அத்தை போனைப் பிடுங்கி அதை வேறு வாக்கியமாக முடித்துவிடுகிறாள். தவிர, குட்டி பக்கத்திலிருந்து கேட்டுவிட்டால் இந்த நேரத்தில் அவளுக்கு வீண் கலக்கம். ஆகவே இதைத் தாங்கள் தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

விஷயம், தங்கள் மோட்டார் சைக்கிள். வேலைக்காக வெளிநாடு கிளம்பும்போது அதை எங்கள் போர்ட்டிகோவில் நிறுத்தி, "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் மட்டும் பண்ணிடுங்க மாமா" என்று சாவியை என் கையில் கொடுத்தீர்கள். நான் வாழ்நாள் முழுக்க லிப்ட் ஆய்வாளராக இருந்தவன். கதவு சாத்தினால்தான் நகரும், ஆள் கூடினால் நகரவே நகராது, கயிறு அறுந்தாலும் விழாது, அப்படிப்பட்ட ஒழுக்கமான இயந்திரங்களோடு பழகியவன். அதனால்தான் குழந்தை பிறக்கப்போகிற செய்தி வந்ததும், வண்டியை விற்றுவிடுங்கள் என்று போனில் பிடிவாதம் பிடித்தேன். தாங்களும் கடைசியில், "சரி மாமா, நீங்களே ஒரு ஆளைப் பாத்து முடிச்சுடுங்க" என்றீர்கள். அது எவ்வளவு சரியான முடிவு என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்தபோது நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். பட்டனைத் தொட்டதும் அது உறுமிய உறுமலில் தெருவில் நின்ற கார் ஒன்று தானாக ஊளையிட ஆரம்பித்தது, எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன, நான் சாவியைத் திருப்பி அணைப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் முகமூடியும் கையுறையுமாக மதில் மேல் எட்டிப் பார்த்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் கை கூப்பப் போனேன். அவரோ, "சார், ஒரு கடைவாய்ப் பல்லோட அரை மணி நேரமா மல்லுக்கு நின்னுட்டிருந்தேன். நீங்க ஸ்டார்ட் பண்ணினீங்க, பேஷண்ட் தூக்கிவாரிப் போட்டுக் குதிச்சாரு, பல்லு என் கையில வந்துடுச்சு. அடுத்த தடவை எப்போன்னு முன்னாடியே சொல்லிடுங்க" என்றார். அன்றிலிருந்து கஷ்டமான பற்களையெல்லாம் அவர் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வைக்கிறார். இதில் எனக்கு என்ன சட்டப் பொறுப்பு வரும் என்று தெரியாமல் நான் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன்.

அடுத்து அந்தப் பெயர் விவகாரம். எஞ்சினை மூடி மறைக்காமல் திறந்தபடி விட்டிருப்பதால் இந்த ரகத்துக்கு நேக்கட் என்று பெயராம். நீங்கள் சொல்லித்தான் தெரியும். உங்கள் அத்தை அதைத் தன் தங்கையிடம் போனில் தமிழ்ப்படுத்தி, "எங்க மாப்பிள்ளை நிர்வாணமா ஒண்ணை வாசல்ல நிறுத்திட்டுப் போயிருக்காருடி, போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பாக்கறாங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் உடனே பேச்சை மாற்றி மழை உண்டா என்று கேட்டாளாம். எனக்கும் அதைக் கேட்டபிறகு வண்டியை அப்படியே விட மனசு வரவில்லை. ஒரு போர்வையை எடுத்துப் போர்த்தினேன். ஸ்டார்ட் செய்து அணைத்த சூட்டோடு போர்த்தியது என் தப்புதான். போர்வை சைலன்சரோடு ஒட்டி உருகி, வீடு முழுக்கப் புகை, பல் டாக்டர் வாளித் தண்ணியோட ஓடி வர்றார், உங்க அத்தை கேஸை மூடிட்டு என்னைக் கூப்பிடறா, நான் எங்கே இருக்கேன்னு எனக்கே தெரியலை. ஒட்டினதைச் சுரண்டி எடுத்துட்டேன், மாப்பிள்ளை. சைலன்சர்ல இப்போ லேசா ஒரு பூப்போட்ட டிசைன் தெரியும். போர்வையோட டிசைன்தான் அது.

அதுக்கப்புறம் பேட்டரி படுத்துடுச்சு. மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். மனுஷன் வந்து வண்டி முன்னால குந்தி உக்காந்து, ரொம்ப நேரம் ஒண்ணுமே செய்யலை. ஏதோ பெரிய கோளாறுன்னு நினைச்சு நான் பர்ஸைத் திறந்து எண்ணிப் பார்க்கறேன். கடைசியில, "சார், ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா" ன்னார். எடுத்துக்கிட்டார். பேட்டரியைச் சரி பண்ணிட்டு, "நின்ன இடத்துலயே ஸ்டார்ட் பண்ணி நிறுத்தினா திரும்பவும் இதே கதைதான், ரெண்டு தெரு ஓட்டிட்டு வாங்க" ன்னார். நீங்களே ஓட்டுங்களேன்னேன். "இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் கடையையே வித்தாலும் பத்தாது சார்" ன்னு சொல்லிட்டுப் போய்ட்டார். விலைக்குக் கேட்டு ஒரு வக்கீல் வேற போன் பண்ணி, ஓடற நிலைமையில இருந்தாதான் வந்து பார்ப்பேன்னு சொல்லிட்டார். ஆக, ஓட்டித்தான் ஆகணும். வீட்டுல லைசென்ஸ் வெச்சிருக்கிறவன் நான் ஒருத்தன்தான். அதுவும் காலையில பால் வாங்க ஸ்கூட்டர் ஓட்டின லைசென்ஸ்.

உங்க அத்தை என்னை அப்படியே போக விடலை. நீங்க பீரோவில வெச்சிட்டுப் போன ஜாக்கெட், முழங்கால் கவசம், கையுறை, ஹெல்மெட் எல்லாத்தையும் ஒண்ணுவிடாம மாட்டிவிட்டா. ஜாக்கெட் எனக்குத் தொடை வரைக்கும் வருது. வண்டியைத் தெருவுக்குத் தள்ளிட்டு வந்தப்போ எதிர் வீட்டுக்காரர், தினம் என்கிட்ட பேப்பர் வாங்கிப் படிக்கிற மனுஷர், "தம்பி, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" ன்னார். ஸ்டார்ட் பண்ணி கியரைப் போட்டா எஞ்சின் அணையுது. திரும்பப் போட்டா திரும்ப அணையுது. நிம்மதியா இருந்தது, ஓடாது போலிருக்குன்னு. உங்க அத்தைதான் வாசப்படியில நின்னுக்கிட்டு, "அந்த ஸ்டாண்டை மடக்குங்க" ன்னா. ஸ்டாண்டு கீழே இருந்தா கியர்ல நகரவே நகராதாம். இந்த ஒரு ஏற்பாட்டுக்காக இத்தாலிக்காரங்களை மதிக்கிறேன், லிப்ட்லயும் நாங்க கதவுக்கு இதைத்தான் செய்வோம். அப்புறம் அந்தச் சின்னத் திரையில எந்த மாதிரி ஓட்டணும்னு கேட்டுது. ஸ்போர்ட்னு ஒண்ணு இருந்தது. விளையாட்டுக்குத்தானேன்னு அதை அமுக்கிட்டேன்.

மாப்பிள்ளை, நான் முறுக்கவே இல்லை. முறுக்கலாமான்னு நினைச்சேன், அவ்வளவுதான். தெரு முடிஞ்சுபோச்சு. திருப்பி வீட்டுக்கே வந்துடலாம்னு பார்த்தா, கழுத்துப் பிடிச்சுக்கிட்ட ஆள் மாதிரி ஹேண்டில் கொஞ்சம்தான் திரும்புது, அதுக்கு மேல அசையலை. நிறுத்திக் காலை ஊனித் திருப்பலாம்னா உங்க உயரம் எனக்கில்லை, கால் நுனிதான் தரையைத் தொடுது. சரி, அகலமான ரோடு வந்தா திரும்பலாம்னு நேரா போனேன். அகலமான ரோடு வந்தது, அதுதான் நெடுஞ்சாலை. அங்கே நடுவுல தடுப்புச் சுவர். பாக்கெட்ல போன் அடிக்குது, உங்க அத்தைதான்னு அந்த அடியிலேயே தெரியுது, கையை எடுக்க பயம். எனக்கு முன்னால போன லாரியெல்லாம் திடீர்னு எனக்குப் பின்னால இருக்கு, எப்போ தாண்டினேன்னு தெரியலை. நாலாவது கியர் விழுந்ததும் அது கத்தறதை நிறுத்திட்டு, அடித்தொண்டையில ஒரு மாதிரி, அதைப் பத்தி இங்கே எழுத வேண்டியதில்லை. அடுத்த ஊர் ரவுண்டானா வரைக்கும் போய்ட்டேன்னு மட்டும் தெரிஞ்சுக்குங்க.

போன் எடுக்காததால உங்க அத்தை பல் டாக்டர் வீட்டுக்கு ஓடியிருக்கா. அவர் பாதி வேலையில இருந்தார். பேஷண்டுக்கு ஊசி போட்டு வாய் மரத்தாச்சு, தனியா விட்டுட்டு வர முடியாதுன்னு அவரையும் கார்ல ஏத்திக்கிட்டு மூணு பேருமா துரத்திட்டு வந்திருக்காங்க. நான் ரவுண்டானாவைச் சுத்திக்கிட்டிருந்தேன். நிறுத்தினா விழுந்துடுவேன், அதனால நிறுத்தலை. கார் என் பக்கத்துல வந்து சேர்ந்து சுத்துது. உங்க அத்தை கண்ணாடியை இறக்கிட்டு, "ஏன் சுத்தறீங்க" ன்னா.

"நிறுத்தினா கால் எட்டாது."

"நடுவுல திண்டு கட்டியிருக்காங்க பாருங்க. அதை ஒட்டினாப்ல நிறுத்தி அது மேல காலை வைங்க."

பேஷண்டும் ஏதோ யோசனை சொன்னார், வாய் மரத்திருந்ததால புரியலை. உங்க அத்தை சொன்ன மாதிரியே செஞ்சேன். வண்டி நின்னுது. எப்படியோ வீடு வந்து சேர்ந்தோம்.

ஆகவே மாப்பிள்ளை அவர்களே, இந்த வண்டி மனுஷர் வைத்துக்கொள்ளக்கூடிய பொருள் இல்லை. நாளைக் காலையில் அந்த வக்கீல் நேரில் வருகிறார், முடித்துவிடுகிறேன். தாங்கள் மனசைத் தேற்றிக்கொண்டு, நாலு சக்கரமும் நாலு கதவும் உள்ள எதையாவது வாங்கி, குழந்தையும் குட்டியுமாகப் பல்லாண்டு பத்திரமாகப் போய்வர வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். குட்டியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவும். லிப்டில் போனால் இன்னும் நல்லது. உங்கள் அத்தையும் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் நலத்தையே எண்ணிக் கவலைப்படும்
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் வக்கீல் வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அந்த ஆளுக்குக் கால் நன்றாக எட்டியது. அது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. "எல்லாம் பிடிச்சிருக்கு, இன்னைக்கே எடுத்துக்கறேன். ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார். சட்டம் படித்தவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பதால், அவரை உட்காரவைத்து இந்தக் கடிதத்தை முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். போர்வை உருகும் இடத்திலேயே நெளிந்தார். ரவுண்டானா வந்தபோது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஆகவே வண்டி இங்கேதான் இருக்கிறது. நீங்கள் திரும்பி வரும்வரை இங்கேயே இருக்கட்டும், அதற்குள் இன்னொரு ஆளைத் தேடச் சொல்லிப் போன் செய்ய வேண்டாம். ஒரே ஒரு குறையை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை, மேலேயும் எழுதவில்லை. ரவுண்டானாவில் உங்கள் அத்தை காரில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பல் டாக்டரை அனுப்பிவிட்டு, என் பின்னால் ஏறிக்கொண்டாள். பின் சீட் ரொம்பச் சின்னது, மாப்பிள்ளை. பிடிக்க ஒரு கம்பிகூட வைக்கவில்லை. வீடு வரும்வரை அவள் என்னைத்தான் கட்டிப் பிடித்துக்கொண்டு வரவேண்டியிருந்தது.