ஒடுக்கு எடுக்க மறுக்கும் உன் மாமா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம், உன் மாமாவும் நலம், பட்டறைதான் நலமில்லை. அங்கே எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். கோல்ஃப் பந்தை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனவன் நீ, உனக்கென்ன கவலை.

போன மாதம் நீ கிளம்பிய மறுநாள் சோபா இடுக்கில் அது கிடைத்தது. இருபது வருஷமாக நசுங்கிய கார்களுக்கு ஒடுக்கு எடுக்கிற மனுஷன் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒடுக்கோட எவன் இதை டெலிவரி எடுத்தான்?" என்றார். வேண்டுமென்றே போட்ட குழிகள் என்றேன். எதற்கு என்று கேட்டார். கல்யாணமானதிலிருந்து நான் படித்த இயற்பியலைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது, தம்பி. நான் அடக்கி வாசித்திருக்க வேண்டும். வழவழப்பான பந்தை விட்டுக் காற்று சீக்கிரம் விலகிவிடும், பின்னால் பெரிய சுழல் உண்டாகிப் பந்தை இழுத்துப் பிடிக்கும், குழிகள் இருந்தால் மேல்தோலை ஒட்டிய காற்று கலங்கி இன்னும் கொஞ்சம் தழுவிக்கொண்டே போகும், சுழல் சிறுக்கும், குழியில்லாத பந்து பாதி தூரம் போனாலே அதிகம் என்று, அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல், படம் போட்டு விளக்கினேன். அவர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இருபது வருஷமா நான் வண்டிங்களை மெதுவாக்கிட்டு இருந்தேனா?"

அன்று தொடங்கியது வினை. கண் டாக்டரம்மா கதவில் ஒரு ஒடுக்கோடு காரை விட்டுப்போனார். அதே ஒடுக்கோடும் அரைமணி நேரப் பிரசங்கத்தோடும் திருப்பி வாங்கிப்போனார். அடுத்தது நம்ம சொந்த வேன். காம்பஸ் வைத்துக் கோடு கிழித்து, கூரையில் முந்நூற்று நாற்பது குழி அடித்திருக்கிறார். மழை பெய்தால் ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம். பிரேக் போட்டால் மொத்தத் தண்ணீரும் முன் கண்ணாடியில் இறங்குகிறது, ஒன்றும் தெரிவதில்லை. வேகம் கூடியதா என்று கேட்டால், "உனக்குத் தெரியல, காத்துக்குத் தெரியும்" என்கிறார்.

திங்கட்கிழமை ஆறு பள்ளிக்கூட வேன்கள் ஒடுக்கு எடுக்க வருகின்றன. பள்ளிக்கூடத்துக்காரர்களிடமும் இப்படிப் பேசினால் பட்டறையைப் பூட்டிச் சாவியை உன்னிடம்தான் அனுப்ப வேண்டும். அது அடித்த வேகத்தில் பறக்கிற சின்னப் பந்துக்கான கணக்கு, நம்ம தெருவில் உருள்கிற வேனுக்கு இல்லை என்று நானே சொல்லலாம். சொல்லிவிட்டால் அப்புறம் என்னை ஒன்றும் கேட்கமாட்டாரோ என்று நாக்கு எழவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வந்து சொல். கெட்ட பெயர் உனக்குப் பழக்கம்தானே.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், அளவோடு.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் மாமா வந்து உட்கார்ந்தார். "பிள்ளைங்க போற வண்டி வேகமாப் போகக் கூடாதில்ல? ஆறுலயும் ஒரு ஒடுக்கு விடாம எடுத்துடறேன்" என்றார். நான் திருத்தவில்லை. பிறகு, பந்து ஏன் சுழன்றுகொண்டே போகிறது என்று கேட்டார். நீ வரவேண்டாம். அம்மா வீட்டு அலமாரியில் என் இரண்டாம் வருஷ இயற்பியல் நோட்டு இருக்கும், அதை மட்டும் உடனே அனுப்பு.