ராயல்டி ஏறினால் இஸ்திரி ஏறும்

'அப்பவே சொன்னேனே' என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். மழை வந்தாலும் அவர் சொன்னதுதான், வராவிட்டாலும் அவர் சொன்னதுதான். திருவெறும்பூரில் இந்த இனத்துக்குத் தலைவர் அமிர்தசாமி. தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு வருஷம் போல்ட்டும் நட்டும் எண்ணி ஓய்வுபெற்றவர். இப்போது நாட்டின் பொருளாதாரத்தைக் கவனித்துக்கொள்கிறார்.

நிலக்கரிக்கு ராயல்டியை மத்திய அரசு உயர்த்தப்போகிறது என்று பேப்பரில் வந்த அன்று, பரக்கத் அலியின் டீக்கடைக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"மண்ணுக்கடியில இருக்கற கரி அரசாங்கத்தோடது பாய். தோண்டறவன் டன்னுக்கு இவ்வளவுன்னு கட்டணும். அதுதான் ராயல்டி. அதை ஏத்துனா என்ன ஆகும்?"

"கம்பெனிக்கு நஷ்டம்" என்றார் பரக்கத் அலி, பாலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அங்கதான் தப்பு பண்றீங்க!" இதைச் சொல்லும்போது அமிர்தசாமியின் முகத்தில் பத்து வயது குறைந்துவிடும். "பெரிய கம்பெனி அதை வெலையில ஏத்திடும். ஏத்த முடியாத சின்ன சுரங்கம் ஆளைக் குறைக்கும், இல்ல மூடிட்டுப் போயிடும். கரி வெலை ஏறுனா கரன்ட்டு, கரன்ட்டு ஏறுனா எல்லாம். கடைசியில யாரு தலையில விழும்? அடுத்தவன்கிட்ட தள்ளிவிட முடியாதவன் தலையில!"

கடையில் யார் கேட்டார்கள்? எதிரே தள்ளுவண்டியில் அவருடைய சட்டையையே தேய்த்துக்கொண்டிருந்த மணிமேகலை மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை துணி வாங்கப் போனார்.

"சட்டைக்குப் பன்னெண்டு ரூபா சார்."

"பத்துதானே?"

"கரிக்கு ராயல்டி ஏத்தறாங்களே."

அமிர்தசாமி துள்ளினார். "அது சுரங்கத்துல தோண்டற நிலக்கரிம்மா! உன் பெட்டியில இருக்கறது கருவேலங்கரி!"

மணிமேகலை பெட்டியை நிறுத்தி வைத்தாள். "தெரியும் சார். மூட்டை வெலை மூணு வருஷமா ஏறிக்கிட்டே இருக்கு. ஒரு ரூபா கூடக் கேக்க எனக்கு வாய் வரலை. தள்ளிவிட முடியாதவன் தலையிலதான் விழும்னு அன்னிக்குச் சொன்னீங்க பாருங்க, அது நான்தான்னு அப்பதான் புரிஞ்சுது."

அமிர்தசாமிக்குப் பேச்சு வரவில்லை. அவருடைய வீட்டம்மா இருதயமேரி முப்பது வருஷமாக வேண்டிக்கொண்டும் நடக்காத அற்புதம் அது. காதெல்லாம் சூடாக, எட்டுச் சட்டைக்குப் புது ரேட்டையே கொடுத்தார். சில்லறையைக்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

ரோட்டைக் கடப்பதற்குள் தேறிவிட்டார்.

"பாய்! இஸ்திரி ஏறிடுச்சு! நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்" என்றார் பரக்கத் அலி. "டீயும் நாளையிலேருந்து பதினஞ்சு."

அமிர்தசாமிக்கு ஒரே சந்தோஷம். சொன்னது இரண்டாவது முறையும் பலித்துவிட்டதே!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் மணிமேகலை ரேட்டை ஏற்றுவாள் என்று பாதியிலேயே கண்டுபிடித்து, பக்கத்தில் இருப்பவரிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டீர்களென்றால், கொஞ்சம் ஜாக்கிரதை. அவர் இந்நேரம் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்.